தோற்ற மாத்திரை மறுபடி வேலை செய்தது எப்படி: ஆல்க் நுரையீரல் புற்றுநோயில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே நோயாளி, ஒரே மாத்திரை, மூன்று தடவை. முதல் தடவை கட்டி சுருங்கியது. இரண்டாம் தடவை அசையவே இல்லை. மூன்றாம் தடவை, கல்லீரல் செயலிழந்திருந்த நேரத்தில் கொடுத்தார்கள், கல்லீரல் தேறிவிட்டது.

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த இந்த நிகழ்வு, 2016 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. நோயாளி 52 வயதுப் பெண். உடலில் பரவிவிட்ட, ஆல்க் மரபணு மாற்றம் கொண்ட நுரையீரல் புற்றுநோய். மாத்திரையின் பெயர் கிரைசோடினிப். புற்றுநோய் மருத்துவத்தைத் தொழிலாக எடுக்கலாமா என்று யோசிக்கும் இளம் மருத்துவர்களுக்கு முதலில் படிக்கக் கொடுக்க என்னிடம் இதைவிட நல்ல நிகழ்வு கிடையாது. இந்தத் துறையில் இன்று யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது இந்த ஒரு நோயாளியின் கதையிலேயே தெரிந்துவிடும்.

கதை அவரிடம் தொடங்கவில்லை. 2007-க்குப் போக வேண்டும், ஜப்பானுக்கு.

ஹிரோயுகி மானோ ரத்தவியல் ஆராய்ச்சியாளர். டோச்சிகியில் உள்ள ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ரத்தப் புற்றுநோயில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அவர் துறையில் பழகிய சங்கதி. 2001-இல் அனுமதி பெற்ற இமாடினிப் மாத்திரை அப்படி ஒட்டிய ஒரு மரபணுவின் புரதத்தை அடக்கித்தான் பெயர் வாங்கியது. நுரையீரல் போன்ற உறுப்புகளில் வரும் திடக்கட்டிகளில் இந்த ஒட்டு வேலை அவ்வளவாக இருக்காது என்பதுதான் அன்றைய பொது அபிப்பிராயம். மானோ குழு அதை நம்பிச் சும்மா இருக்கவில்லை. புகைப்பழக்கம் உள்ள 62 வயது ஆண் ஒருவரின் கட்டியிலிருந்து மரபணுத் தொகுப்பை எடுத்து, ஆய்வகத்து எலிச் செல்களுக்குள் செலுத்தி, எந்தத் துண்டு அந்தச் செல்களைப் புற்றாக மாற்றுகிறது என்று தேடியது. கிடைத்தது இஎம்எல்4-ஆல்க் என்ற ஒட்டு மரபணு. இரண்டாவது குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பி, தள்ளித் தள்ளி இருந்த இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர்கள் பார்த்த 75 ஜப்பானிய நோயாளிகளில் 5 பேரிடம் இது இருந்தது. நுரையீரல் புற்றுநோய் ஒரு ரத்தவியல்காரரின் கண்ணில் பட்டதால் கிடைத்த கண்டுபிடிப்பு இது என்றே நான் நினைக்கிறேன். அவர் தன் துறைக்குள்ளேயே இருந்திருந்தால் இது இன்னும் சில வருடங்கள் தள்ளிப்போயிருக்கலாம்.

ஆல்க் மரபணு வளர்ந்தவர்களின் நுரையீரலில் பேசாமல் கிடக்கும். இஎம்எல்4 ஒட்டிக்கொண்டதும் இரண்டிரண்டு புரதங்களாகச் சேர்ந்து, நிறுத்த ஆளில்லாமல் 'வளர், வளர்' என்று சமிக்ஞை கொடுத்துக்கொண்டே இருக்கும். நுரையீரல் புற்றுநோயில் பெரும்பான்மையான சிறுசெல் அல்லாத வகையில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்கு இது இருக்கிறது. பலர் ஓரளவு இளவயதுக்காரர்கள், புகைத்தே இராதவர்கள். மானோவின் முதல் நோயாளி புகைப்பவராக அமைந்தது தற்செயல்.

இதை முதலில் பரவலாகக் கண்டுபிடித்துச் சொன்னது ஃபிஷ் என்ற பரிசோதனை. மரபணுவின் ஒரு பக்கத்தில் சிவப்பு, மறு பக்கத்தில் பச்சை ஒளிரும் குறிகளை ஒட்டுவார்கள். மரபணு முழுசாக இருந்தால் இரண்டும் ஒட்டியே தெரியும், சில சமயம் கலந்து மஞ்சளாக. உடைந்திருந்தால் பிரிந்து தெரியும். கேட்க எளிது. ஆனால் ஆல்க் உடைந்து ஒட்டும் தூரம் அதே குரோமோசோம் கையிலேயே கொஞ்சதூரம்தான் என்பதால், சிவப்பும் பச்சையும் ஓடிப்போய் நிற்பதில்லை. இரண்டு புள்ளி அகலம் விலகி நிற்கும், அவ்வளவே. இருட்டறையில் உட்கார்ந்து குறைந்தது 50 செல்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றில் நூற்றுக்கு 15 செல்லாவது பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணுகிறவர் நோய்க்குறியியல் நிபுணர். அவர் தவறவிட்டால் நோயாளிக்கு மாத்திரை கிடையாது. பின்னால் ஐஎச்சி சாயப் பரிசோதனை வந்தது. பழுப்பு நிறம் ஏறினால் ஆல்க் இருக்கிறது. வேலை பாதியாகக் குறைந்தது.

அப்புறம் மாத்திரை. கிரைசோடினிப்பை ஆல்க்குக்காக யாரும் செய்யவில்லை. ஃபைசர் நிறுவனத்தில் ஜீன் குயி என்ற மருந்து வேதியியலாளர் தலைமையில் மெட் என்னும் வேறொரு புரதத்தை அடக்க வடிவமைத்தது அது. 2006-இல் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை ஆரம்பித்தாகிவிட்டது. ஆல்க்கையும் அது அடக்கும் என்பது ஒரு உபரித் தகவலாக இருந்தது. 2007-இல் மானோவின் கட்டுரை வந்ததும், நடந்துகொண்டிருந்த சோதனையிலேயே ஆல்க் நோயாளிகளைச் சேர்த்தார்கள். சுமார் 1,500 பேரைப் பரிசோதித்து 82 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 57 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்துவிட்டது. மரபணுவைக் கண்டுபிடித்து நான்கே வருடத்தில் மாத்திரை மருந்துக்கடைக்கு வந்தது, வேறு ஏதோ இலக்குக்காக ஏற்கெனவே அலமாரியில் ஒரு மருந்து இருந்ததால்தான்.

சரி, நம் நோயாளிக்கு வருவோம்.

அவருக்குக் கிரைசோடினிப் கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. பிறகு நோய் திரும்பியது. இது எதிர்பார்த்ததுதான். கிரைசோடினிப்பை முதல் மருந்தாகக் கொடுத்துச் செய்த பெரிய சோதனையிலும் நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 10.9 மாதம்தான். திரும்பி வந்த கட்டியில் பயாப்சி எடுத்துப் பார்த்ததில் ஆல்க் புரதத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தது: 1156-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின். இதைச் சி1156ஒய் என்கிறோம். இதே மாற்றத்தை மானோவின் குழு 2010-இலேயே ஒரு நோயாளியிடம் கண்டு எழுதியிருந்தது. கிரைசோடினிப்பின் 82 பேர் முடிவு வெளியான அதே இதழில், சில பக்கங்கள் தள்ளி. மருந்து வேலை செய்கிறது என்ற சேதியும், அதை எப்படிக் கட்டி ஏமாற்றுகிறது என்ற சேதியும் ஒரே நாளில் அச்சேறின.

அடுத்து இரண்டாம் தலைமுறை மருந்தான செரிட்டினிப் கொடுத்தார்கள். பலன் இல்லை. வேறொரு வகைச் சோதனை மருந்து முயன்றார்கள். பிறகு வழக்கமான கீமோ. நடுவில் ஒருமுறை, மருந்து இடைவெளிக்குப் பின் கட்டி மறுபடி பணிகிறதா பார்ப்போம் என்று கிரைசோடினிப்பையே திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி வளர்ந்துகொண்டே போனது. இந்த இரண்டாவது முயற்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஏன் பலித்தது என்ற கேள்விக்கு இதுதான் ஒப்பீடு.

அப்போது லார்லாடினிப் முதல் கட்டச் சோதனையில் இருந்தது. இதுவும் ஃபைசர் மருந்துதான், ஆனால் இந்த முறை ஆல்க்குக்காகவே, கிரைசோடினிப் தோற்ற இடங்களைக் கணக்கில் வைத்தே செய்தது. மூலக்கூறை ஒரு வளையமாக மூடி, சின்னதாக வைத்து, மூளைக்குள் நுழைகிற மாதிரி அமைத்திருந்தார்கள். ஆல்க் நோயாளிகளுக்கு நோய் அடிக்கடி மூளைக்குப் போகும். அங்கே கிரைசோடினிப் சரியாக எட்டாது. இந்தப் பெண்ணுக்கு லார்லாடினிப் கேட்டது. கட்டி சுருங்கியது.

சில மாதங்களில் மறுபடி எகிறியது. கல்லீரல் செயலிழந்தது.

இந்த இடத்தில்தான் இந்த நிகழ்வின் உயிர் இருக்கிறது. நான்காம் நிலை, பல மருந்து பார்த்தாயிற்று, கல்லீரல் போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இந்தக் கட்டத்தில் வலி நிவாரணமும் குடும்பத்தோடு ஒரு பேச்சும்தான் மிச்சம், அதிலும் தவறில்லை. பாஸ்டன் குழு திரும்பி வந்த கட்டியிலிருந்து இன்னொரு தடவை திசு எடுத்து, மரபணு வரிசையைப் படித்தது. பழைய சி1156ஒய் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒன்று: 1198-ஆம் இடத்தில் லியூசின் போய் ஃபினைல்அலனின் வந்திருந்தது. எல்1198எஃப்.

லியூசினைவிட ஃபினைல்அலனின் பருத்தது. மருந்து போய் உட்காரும் குழியின் ஓரத்தில் அது வந்ததும் லார்லாடினிப் முட்டி நின்றுவிட்டது, இழுப்பறைக்குள் ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் இழுப்பறை பாதியில் நிற்குமே, அப்படி. லார்லாடினிப்பை வடிவமைத்தவர்கள் இந்த 1198-ஆம் இடத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்கள். நம் உடலில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பல புரதங்களுக்கு அந்த இடத்தில் பருத்த அமிலம் இருக்கிறது, ஆல்க்குக்கு லியூசின். ஆகவே பருத்தது இருக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு, ஆல்க்கில் மட்டும் ஒழுங்காக உட்காரும்படி மருந்தை இழைத்தார்கள். பக்கவிளைவைக் குறைக்கச் செய்த அந்தக் கெட்டிக்காரத்தனத்தையே கட்டி திருப்பிப் போட்டுவிட்டது. ஆல்க் தன்னை வேறொரு புரதம் மாதிரி ஆக்கிக்கொண்டது.

ஆனால் கிரைசோடினிப்புக்கு அந்த ஆணி தடையாக இல்லை. அது பிறந்ததே மெட் புரதத்துக்காக. மெட்டில் அதற்கு நிகரான இடத்தில் இருப்பது பருத்த டைரோசின். ஆய்வகச் சோதனையில் எல்1198எஃப் வந்தபின் கிரைசோடினிப் முன்னைவிட இறுகப் பிடித்தது. எவ்வளவு இறுக என்றால், சி1156ஒய் ஏற்படுத்திய எதிர்ப்பும் அதில் ரத்தாகிப்போனது. லார்லாடினிப்பிலிருந்து தப்பிக்கக் கட்டி எடுத்த வேடம், அதைப் பழைய மருந்திடம் பிடித்துக்கொடுத்துவிட்டது. கிரைசோடினிப் மறுபடி ஆரம்பித்தார்கள். நோயின் அறிகுறிகள் விலகின, கல்லீரல் செயலிழப்பு சரியானது.

இதைக் கருத்தரங்குகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிற விதம் பல நேரம் எனக்கு ஒப்பாது. 'மூன்றாம் தலைமுறை தோற்றால் முதல் தலைமுறைக்குத் திரும்பிப் பாருங்கள்' என்று ஒரு சமையல் குறிப்பாகச் சுருக்கிவிடுகிறார்கள். அது தவறான பாடம். இதே நோயாளிக்கு, திசுவில் என்ன இருக்கிறது என்பதைவிட இடைவெளியை நம்பிக் கிரைசோடினிப் கொடுத்தபோது அது தோற்றது. எல்1198எஃப் இருக்கிறது என்று தெரிந்து கொடுத்தபோது ஜெயித்தது. மாத்திரை அதே, மாறியது கட்டி. இன்றைய கட்டி யார் என்று கேட்காமல் நேற்றைய ரிப்போர்ட்டை வைத்து மருந்து எழுதுவது இந்த நோயில் குருட்டாம்போக்குதான்.

இதற்குப் பின்னால் வந்த தரவும் அதைத்தான் சொல்கிறது. கிரைசோடினிப்புக்குப் பின் நோய் திரும்பும்போது ஐந்தில் ஒருவருக்குத்தான் ஆல்க்கிலேயே மாற்றம் இருக்கும். இரண்டாம் தலைமுறை மருந்துகளுக்குப் பின் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருக்கும். ஜி1202ஆர் என்ற மாற்றம் அதில் முதலிடம். இரண்டாம் தலைமுறை தோற்றபின் லார்லாடினிப் வாங்கியவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள்: திசுவில் ஆல்க் மாற்றம் இருந்தவர்களில் நூற்றுக்கு 69 பேருக்குக் கட்டி சுருங்கியது, இல்லாதவர்களில் 27 பேருக்கு. ரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்கை வைத்துப் பிரித்தபோது இந்த இடைவெளி ஓரளவு குறைந்துவிட்டது. 'ரத்தம் எடுத்தால் போதும், ஊசி வேண்டாம்' என்று நோயாளி கேட்கும்போது நான் இந்தக் கணக்கைத்தான் நினைத்துக்கொள்வேன். ரத்தப் பரிசோதனை நல்லதுதான், முடியாதவர்களுக்கு அதுவே வழி. எடுக்க முடிகிற இடத்தில் கட்டி இருந்தால் திசுவே மேல்.

தொழில் விஷயத்துக்கு வருகிறேன். நம்மூரில் புற்றுநோய் மருத்துவர் என்றால் ஒரே ஆள் என்று நினைப்பு. மூன்று தனித்தனிப் பாதைகள். எம்பிபிஎஸ் முடித்து, எம்டி பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ கதிர்வீச்சு சிகிச்சையோ முடித்து, உயர்சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்எஸ் நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று வருடம் டிஎம் படித்தால் மருந்து கொடுக்கும் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட். எம்எஸ் முடித்து எம்சிஎச் போனால் அறுவை சிகிச்சை. எம்பிபிஎஸ் முடித்த கையோடு எம்டி கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தால் மூன்று வருடத்தில் முடிந்தது. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைதான் 1984-இல் நாட்டிலேயே முதன்முதலாக டிஎம், எம்சிஎச் ஆன்காலஜி படிப்புகளை ஆரம்பித்தது. அந்த வகையில் நமக்கு இது சொந்த ஊர்ச் சொத்து.

ஆனால் பாஸ்டன் நிகழ்வை மறுபடி படித்துப் பாருங்கள். முடிவெடுத்தது நெஞ்சுப் பகுதிப் புற்றுநோய்களைப் பார்க்கும் தொராசிக் ஆன்காலஜிஸ்ட் ஆலிஸ் ஷா குழு. அதற்கு முன் ஊசி போட்டுத் திசு எடுத்தவர் ஒருவர். அந்தத் துளியளவு திசுவில் புற்றுச் செல் போதுமா என்று பார்த்தவர் ஒருவர். வரிசையைப் படித்தவர், கணினியில் பிரித்தவர், அதே மாற்றத்தைச் செல்களில் உருவாக்கி எல்லா மருந்துகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தவர், புரதத்தின் படிக அமைப்பை வரைந்து ஏன் முட்டுகிறது என்று காட்டிய மருந்து நிறுவன வேதியியலாளர். இவர்களில் பாதிப்பேருக்கு எம்பிபிஎஸ் தேவையே இல்லை. பயோடெக், வேதியியல், புள்ளியியல் படித்துவிட்டு 'மருத்துவம் கிடைக்கலையே' என்று வருத்தப்படுகிற பிள்ளைகளிடம் இந்தப் பட்டியலைக் காட்டலாம். மருத்துவர்களும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பாஸ்டன் நிகழ்வை எழுதிய கட்டுரையின் மூத்த ஆசிரியர் ஜெஃப்ரி எங்கல்மன் 2016-இல் நோவார்டிஸ் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனார். பின்னர் ஷாவும் அங்கேயே சேர்ந்தார். கிரைசோடினிப்பை வடிவமைத்த ஜீன் குயி வெளியே வந்து சொந்த நிறுவனம் தொடங்கி, ரெபோட்ரெக்டினிப் என்ற அடுத்த மருந்தையும் கொண்டுவந்தார்; அதற்கு 2023-இல் அனுமதி கிடைத்தது.

குழுவில் எப்போதும் கடைசியாகப் பேசப்படும் ஆள் செவிலியர். லார்லாடினிப் வாங்குகிறவருக்குக் கொழுப்பும் டிரைகிளிசரைடும் ஏறும், கால் வீங்கும், எடை கூடும். ரத்தப் பரிசோதனையில் தெரிகிற விஷயங்கள் பிரச்சினை இல்லை. தெரியாத ஒன்று மனநிலை. மறதி, பேச்சுத் தடுமாற்றம், காரணமில்லாத கோபம். நோயாளி மருத்துவரிடம் 'நல்லா இருக்கேன் சார்' என்பார். வெளியே செவிலியரிடம் மனைவி, 'முன்னெல்லாம் இப்படி எரிஞ்சு விழ மாட்டார்மா' என்பார். மருந்தைச் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வாக்கியம் காதில் விழுந்தால்தான் குறைக்க முடியும்.

இந்த நிகழ்வு இன்றைக்கு அப்படியே திரும்ப நடக்குமா? சந்தேகம்தான். இப்போது ஆல்க் நோயாளிக்குக் கிரைசோடினிப்பில் ஆரம்பிப்பதில்லை. அலெக்டினிப்பிலோ, நேராக லார்லாடினிப்பிலோ ஆரம்பிக்கிறோம். லார்லாடினிப்பையும் கிரைசோடினிப்பையும் ஒப்பிட்ட கிரௌன் சோதனையின் ஐந்தாண்டு முடிவு 2024-இல் வந்தது: லார்லாடினிப் வாங்கியவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் நோய் முன்னேறவில்லை, கிரைசோடினிப்பில் 8 பேருக்கு. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஒரு எண்ணை நான் படிக்கும் காலத்தில் யாரும் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். லார்லாடினிப்பையே முதலில் வாங்கி நோய் திரும்பியவர்களின் ரத்தத்தில் புதிய ஆல்க் மாற்றங்கள் தென்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றம் சேர்த்துக்கொள்ளக் கட்டிக்கு நேரமே கொடுக்காததால் இருக்கலாம். கட்டி இப்போது வேறு பாதையில் தப்பிக்கிறது. அதில் ஒன்று, சொன்னால் வேடிக்கை, மெட் மரபணு பெருகுவது. அங்கே லார்லாடினிப்போடு கிரைசோடினிப்பையும் சேர்த்துக் கொடுத்துப் பலன் பார்த்திருக்கிறார்கள். இந்த முறை அது எதற்காகப் பிறந்ததோ அந்த வேலைக்கு.

ஏற்கெனவே இரண்டாம் தலைமுறையிலிருந்து படிப்படியாக வந்து, இரட்டை மாற்றம் சேர்ந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கருதி நேலடல்கிப் என்ற நான்காம் தலைமுறை மருந்தை 2022-இல் நோயாளிகளிடம் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

நம்மூரில் இதெல்லாம் முட்டி நிற்கும் இடம் ஆய்வகம் அல்ல. 'ஊசி குத்தினால் பரவிடும்', 'கத்தி பட்டால் கிளறிவிட்டுடும்' என்ற பயம். முதல் பயாப்சிக்கே சித்தப்பா, மாமா எல்லோரையும் கூட்டிவைத்துப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது என்றால் கேட்கவே வேண்டாம். ஊசி பயாப்சியால் கட்டி பரவுவது மிக மிக அரிது என்று சொல்வேன். அதைவிட, 'போன வருஷம் இருந்த நோய்க்கு இந்த வருஷம் மருந்து எழுதச் சொல்றீங்களா?' என்று கேட்டால் சீக்கிரம் புரிகிறது. அப்புறம் செலவு. மரபணுப் பரிசோதனை மலிவில்லை, ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், அதற்குள் நோயாளி தளர்ந்துவிடலாம். ஆகவே நோய் திரும்பியது தெரிந்த அன்றே, பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் ட்யூமர் போர்டில் வைத்து, எந்த இடத்தில் ஊசி, எந்தப் பரிசோதனை என்று முடிவெடுத்துவிட வேண்டும். எடுத்த திசு மெழுகு பிளாக்காக மருத்துவமனையில் இருக்கும். வேறு இடத்துக்கு மாறும்போது ரிப்போர்ட்டையும் ஸ்கேன் சிடியையும் மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பிளாக்கையும் எழுதிக் கேட்டு வாங்கி வர வேண்டும். முதல் பிளாக், திரும்பி வந்தபோது எடுத்த பிளாக், இரண்டும்.